மாவட்டப் பக்கத்தை எழுதும் பிள்ளைகள்

வடக்கே குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டால் தாத்தா முதல் பேரன் வரை சொல்லிவிடுவார்கள். தாம் குடியிருக்கும் வார்டின் கவுன்சிலர் பெயரைக் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். இந்த ஊரில் நாற்பது ஆண்டு தண்ணீர் குடித்திருப்போம். அந்தத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் உள்ளூர் நிருபர். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் எழுத்தாளன் அல்லன். லக்னோவில் ஓர் இந்தி நாளிதழின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செய்தி எழுதியதில்லை, செய்தி எழுதியவர்களுக்கு வவுச்சர் எழுதியிருக்கிறேன். எந்தச் செய்தியின் பின்னால் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பணம், எவ்வளவு பயம் இருக்கிறது என்பது கணக்குப் பிரிவின் சின்ன ஜன்னல் வழியாகவும் நன்றாகவே தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் தங்கையின் பேத்தி இதழியலில் எம்.ஏ. முடித்திருக்கிறாள். அவளுக்கு ஓர் இந்திப் பத்திரிகையின் பாந்தா மாவட்ட அலுவலகத்தில் பயிற்சி நிருபர் வேலை வந்திருக்கிறது. பாந்தா, லக்னோவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தங்கை மகன் என்னிடம் வந்தான். "மாமா, டெல்லி சேனல்னா சரின்னு சொல்லலாம். பாந்தாவுல போய் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறதுக்கா இவளை இவ்வளவு படிக்க வெச்சேன்? நீங்களே சொல்லுங்க" என்றான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, டெல்லியில நூறு பேர் ஒரே மந்திரி பின்னால ஓடறாங்க. பாந்தா ஆஸ்பத்திரியில டாக்டர் வரலைன்னு எழுத எத்தனை பேர் இருக்காங்க?" என்றாள்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயமான கேள்விகள். நம் சங்கத்தில் இதே கேள்வி வேறு சில வீடுகளிலும் எழுந்திருப்பதாக அறிகிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

மாவட்டப் பக்கம் எப்படி வந்தது?

1980களில் ஆப்செட் அச்சு இயந்திரமும், அதையொட்டிக் கம்ப்யூட்டரும் வந்த பிறகு, ஒரு நாளிதழைப் பல ஊர்களிலிருந்து அச்சிடுவது எளிதாயிற்று. இந்திப் பத்திரிகைகள் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் பெருகின. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. அதுவரை தலைநகரத்துச் செய்தியையே படித்து வந்த சிற்றூர்க்காரர், தம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரை அச்சில் பார்த்தார். பத்திரிகை வாங்காதவரும் வாங்கத் தொடங்கினார். இந்தப் பெரும் மாறுதலை ராபின் ஜெஃப்ரி என்ற ஆஸ்திரேலியப் பேராசிரியர் 2000-ல் ஒரு நூலாகவே எழுதினார். 2007-ல் செவந்தி நைனான் இந்தி மாநிலங்களை மட்டும் எடுத்துக் கொண்டு இன்னொரு நூல் எழுதினார்.

இதில் ஒரு குறையும் வந்து சேர்ந்தது. பாந்தாச் செய்தி பாந்தாப் பக்கத்தோடு நின்றுவிடும். லக்னோவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் மேஜைக்கு வரும் பதிப்பில் அது இராது. ஆகவே மாவட்டச் செய்தி மேலிடத்தின் காதில் விழ வேண்டுமானால், அது ஐயத்துக்கு இடமில்லாமல், ஆதாரத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் திறமைதான் புதிய நிருபர் முதலில் கற்க வேண்டியது.

ஒரு நாள் வேலை

மாவட்ட அலுவலகம் என்றால் மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் கடைவீதி மாடியில் இரண்டு அறைகள். ஒரு தலைமை நிருபர், சில நிருபர்கள், ஒரு புகைப்படக்காரர், விளம்பரத்துக்கு ஒருவர். இவர்களைத் தவிர, ஒவ்வொரு தாசிலிலும் பகுதிநேர நிருபர்கள் உண்டு. அவர் பள்ளி ஆசிரியராகவோ, மருந்துக் கடைக்காரராகவோ இருப்பார். செய்திக்கு இவ்வளவு என்று பணம் வாங்குவார்.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி, போலீஸ் நிலையம், நகராட்சி, மின்சார வாரியம் இவற்றில் ஒன்றிரண்டை ஒதுக்குவார்கள். காலையில் அந்த இடங்களைச் சுற்றி வர வேண்டும். மாலையில் வந்து எழுத வேண்டும். கேட்பதற்கு எளிது. செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். "ரேஷன் கடையில் கோதுமை தரவில்லை" என்று ஒரு மூதாட்டி சொல்கிறாள். அதை அப்படியே எழுதினால் அது புகார், செய்தி ஆகாது. அந்தக் கடைக்கு அந்த மாதம் எத்தனை மூட்டை வந்தது, பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்து, கைநாட்டு இருக்கிறது, அவர்களில் நாலு பேரையாவது நேரில் பார்த்துக் கேட்டாயா, கடைக்காரர் என்ன சொன்னார், வழங்கல் அதிகாரி என்ன சொன்னார் என்ற இத்தனை கேள்விக்கும் பதில் சேர்ந்த பிறகே அது செய்தி. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த வேலைக்கு ஒரு நல்ல கருவி. மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது அதன் விதி. பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யும் வழியும் அதிலேயே இருக்கிறது.

தில்லியில் பெரிய தொலைக்காட்சியில் சேரும் பிள்ளை முதல் ஆண்டு முழுவதும் பிறர் கொண்டு வந்ததைச் சுருக்கி எழுதிக் கொண்டிருக்கலாம். மாவட்டத்தில் சேரும் பிள்ளை மூன்றாம் மாதமே பிணவறை வாசலிலும், கலெக்டர் எதிரிலும் நின்றிருக்கும். தொழில் கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

உப்பும் ரொட்டியும்

உள்ளூர் நிருபரால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில், உத்தரப் பிரதேசம் மிர்சாபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில், மதிய உணவாகக் குழந்தைகளுக்கு ரொட்டியும் உப்பும் கொடுத்திருந்தார்கள். தொட்டுக்கொள்ளப் பருப்பு இல்லை, காய் இல்லை. 'ஜன்சந்தேஷ் டைம்ஸ்' என்ற பத்திரிகையின் உள்ளூர் நிருபர் பவன் ஜெய்ஸ்வால் அதை வீடியோ எடுத்தார். நாடே பார்த்தது.

முதலில் பள்ளியைச் சேர்ந்தவர்கள் மீது நடவடிக்கை வந்தது. அடுத்த சில நாட்களில் நிருபர் மீதே சதி, மோசடி என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அச்சுப் பத்திரிகைக்காரர் படம்தானே எடுக்க வேண்டும், வீடியோ ஏன் எடுத்தார் என்றுகூட மாவட்ட அதிகாரி கேட்டார். பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. பிரஸ் கவுன்சில் தானாகவே விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. அந்த டிசம்பரிலேயே போலீசார் அவர் மீது குற்றமில்லை என்று விடுவித்தார்கள். 2022 மே மாதம் அவர் புற்றுநோயால் காலமானார். தலைநகரத்திலிருந்து எந்தப் பெரிய நிருபரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாதாரண நாளின் மதிய வேளையில் போயிருக்கமாட்டார். போகக்கூடியவர் அந்த ஊர்க்காரர் ஒருவர்தான்.

பாந்தாவுக்கு அடுத்த வீடு

பாந்தாவை ஒட்டியுள்ள சித்ரகூட் மாவட்டத்திலிருந்து 2002 மே மாதம் ஒரு பத்திரிகை புறப்பட்டது. பெயர் 'கபர் லஹரியா', அதாவது செய்தி அலை. தில்லியிலுள்ள 'நிரந்தர்' என்ற கல்வி அமைப்பு அதைத் தொடங்க உதவியது. நிருபர்கள் எல்லோரும் பெண்கள்; பெரும்பாலோர் தலித் சமூகத்தினர். அவர்களில் சிலர் சிறு வயதிலேயே மணம் முடித்து வைக்கப்பட்டவர்கள். சிலர் பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள். அவர்களே செய்தி சேகரித்து, அவர்களே பக்கம் அமைத்து, கிராமம் கிராமமாகத் தூக்கிச் சென்று அவர்களே விற்றார்கள். பத்திரிகை புந்தேலி மொழியில் வந்தது. புத்தக இந்தியில் இருந்தால் படிக்கத் தயங்கும் கிராமத்தார், தாம் பேசும் பேச்சே அச்சில் வந்ததைப் படித்தார்கள். கைப்பம்பு, சாலை, பள்ளிக்கூடம், பெண்கள் மீதான கொடுமை ஆகியவையே அதில் முதல் பக்கச் செய்தி.

2009-ல் யுனெஸ்கோவின் 'கிங் செஜோங்' எழுத்தறிவு விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் அச்சை விட்டு, கைப்பேசியில் பார்க்கும் வீடியோச் செய்திக்கு அவர்கள் மாறினார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கார் பரிந்துரை பெற்றது. அப்போது அந்தப் பெண்கள் ஓர் அறிக்கை விட்டார்கள்: படம் நன்றாயிருக்கிறது, ஆனால் எங்கள் வேலையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது என்றார்கள். உலகமே பாராட்டும் நேரத்திலும் சரிபார்த்துச் சொல்லும் பழக்கத்தை அவர்கள் விடவில்லை.

பத்திரிகை இல்லாத ஊர்

பத்திரிகை மூடிவிட்டால் ஊருக்கு என்ன நஷ்டம்? அமெரிக்கா இதற்குப் பாடம். 2005-க்குப் பிறகு அங்கே இருந்த பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரில் 150 ஆண்டு நடந்த 'விண்டிகேட்டர்' 2019 ஆகஸ்டில் நின்றது. கலிஃபோர்னியாவில் பெல் என்று ஒரு சிறிய, ஏழை நகரம். சுமார் 37,000 பேர். அங்கே நகராட்சிக் கூட்டங்களுக்கு அன்றாடம் போய்வர நிருபர் இல்லாத காலத்தில், நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டாலர் வரை ஏறிவிட்டது. 2010-ல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபன் விவெஸும் அதை வெளியே கொண்டு வந்தார்கள். 2014-ல் ரிஸ்ஸோவுக்கு 12 ஆண்டு சிறை. பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு.

கணக்குக்காரனான என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் மூவர் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உள்ளூர்ப் பத்திரிகை மூடிய இடங்களில் நகராட்சிகள் வாங்கும் கடனுக்கு வட்டி 0.05 முதல் 0.11 சதவீதம் வரை கூடியதைக் கண்டார்கள். காவலாள் இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுப்பவன் கொஞ்சம் அதிக வட்டி கேட்பான் அல்லவா? நூறு கோடிக் கடனுக்கு இது ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 11 லட்சம் வரை ஆகிறது. பத்திரிகைக்குச் சந்தா கட்டாதவரும் வரியாக அதைக் கட்டத்தான் வேண்டும்.

இதைச் சரிசெய்ய அவர்கள் கண்ட வழி நம் கவனத்துக்குரியது. 2017-ல் ஸ்டீவன் வால்ட்மன், சார்லஸ் செனட் என்ற இருவர் 'ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் தொழிலுக்குப் புதியவர்களான இளம் நிருபர்களைத் தேர்ந்து, உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார்கள். முதலாண்டுச் சம்பளத்தில் ஒரு பாதியைத் திட்டம் தரும். மறு பாதியைப் பத்திரிகையும் உள்ளூர் நன்கொடையாளர்களும் பகிர்ந்து கொள்வார்கள். நன்கொடை தந்தவருக்கு எந்தச் செய்தியிலும் கை வைக்க உரிமையில்லை. அந்தப் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் உள்ளூர் மாணவர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுக் கொடுப்பது போன்ற ஒரு சேவையும் செய்ய வேண்டும். 2018-ல் 13 பேருடன் தொடங்கியது, 2021-ல் சுமார் 300 பேராயிற்று.

பிரிட்டனில் 2018 முதல் வேறு முறை. பி.பி.சி. பணம் தருகிறது, நிருபர்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளின் ஊழியர்கள். முதலில் 150 பேர், பிறகு 165 பேர். அவர்களுக்கு ஒரே வேலை, உள்ளாட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்து நடப்பதை எழுதுவது. ஒருவர் எழுதிய செய்தியைத் திட்டத்தில் சேர்ந்த எல்லாப் பத்திரிகைகளும் பயன்படுத்திக் கொள்ளலாம்.

நமக்கு இது புதிதா?

நம் தமிழ்ப் பத்திரிகை உலகம் இதை வேறொரு வழியில் முன்பே செய்திருக்கிறது. 'ஆனந்த விகட'னின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தை நம்மில் ஐம்பது வயது கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கல்லூரியில் படித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி தந்து, அவரவர் ஊரிலிருந்தே எழுத வைத்தார்கள். பிற்காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் பெயர் பெற்ற பலர் அங்கே தொடங்கியவர்கள்தாம். அதுபோலவே சென்னையில் பிறந்த பி. சாய்நாத், 1993-ல் தொடங்கி நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் சுற்றி எழுதியவை 1996-ல் நூலாக வந்தன. நம் புதுக்கோட்டையும் இராமநாதபுரமும் அதில் உண்டு. 2014-ல் அவர் தொடங்கிய 'பாரி' என்ற கிராமப்புறச் செய்திக் களஞ்சியம் தமிழ் உட்படப் பல மொழிகளில் வருகிறது.

தந்தையின் கேள்வி

இனி, தங்கை மகனின் கவலைக்கு வருகிறேன். அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

முதலில் பணம். பத்திரிகையாளருக்கென்று மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011-ல் அரசால் அறிவிக்கப்பட்டு, 2014-ல் உச்ச நீதிமன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டவை. ஆனால் தாசில் நிருபருக்கு நான் எழுதிய வவுச்சர்களில் பல, அவர் மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட பெட்ரோலுக்கே காணாது. அதைவிட மோசம் விளம்பரக் கமிஷன். குடியரசு தினத்துக்குக் கிராமத் தலைவரிடம் வாழ்த்து விளம்பரம் வாங்கி வரச் சொல்வார்கள். ஜனவரியில் விளம்பரம் வாங்கியவர் பிப்ரவரியில் அதே தலைவர் போட்ட சாலையைப் பற்றி எப்படி எழுதுவார்? செய்தி கெடும் இடம் இதுதான். நிருபரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து ஆபத்து. 2025 ஜனவரியில் சத்தீஸ்கர் மாநிலம் பிஜாப்பூரில் முகேஷ் சந்திராகர் என்ற இளம் நிருபரின் உடல் ஒரு செப்டிக் டாங்கிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு சாலைப் பணியின் முறைகேட்டைப் பற்றிய செய்தியில் அவர் பங்கு பெற்றிருந்தார். உள்ளூர் நிருபர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவரோடு அதே கடைவீதியில்தான் மறுநாளும் நடக்க வேண்டும். தலைநகர நிருபருக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆகவே பெற்றோர் அஞ்சுவது கோழைத்தனம் ஆகாது.

அதனால் நான் தங்கை மகனிடம் "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிக் கொண்டு "போகட்டும்" என்றும் சொல்லவில்லை. சேருமுன் கேட்க வேண்டியவற்றைச் சொன்னேன்:

எழுத்து மூலமான நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் உண்டா? சம்பளம் மாதச் சம்பளமா, செய்திக் கணக்கா? விளம்பரம் சேர்க்கும் பொறுப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்வார்களா? வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது? இரவு நேரச் செய்திக்கு வண்டியும் துணையும் உண்டா? பயணத்தின்போது இருக்கும் இடம் யாருக்குத் தெரிவிக்கப்படும்? அலுவலகத்தில் பெண்கள் புகார் செய்ய, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு இருக்கிறதா? ஆபத்தான செய்தியைத் தனியாக எழுதாமல் மற்றப் பத்திரிகை நிருபர்களோடு சேர்ந்து வெளியிட அனுமதிப்பார்களா?

தங்கை மகன் இந்தப் பட்டியலோடு பாந்தாவுக்கே போய் வந்தான். நியமனக் கடிதமும் மாதச் சம்பளமும் உறுதியாயின. விளம்பரம் பற்றிய பதில் எழுத்தில் வர வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். வக்கீல் செலவு பற்றித் தெளிவான பதில் இன்னும் வரவில்லை. ஓராண்டு போய்ப் பார்ப்பது, தினமும் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் பேசுவது என்று முடிவாகியிருக்கிறது. அவன் மனம் முழுக்கச் சமாதானமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மறுக்கவில்லை.

நாம் செய்யக் கூடியது

அன்பர்களே, நம் பங்குக்கு மூன்று காரியங்கள் உண்டு. முதலாவது, வீட்டுக்கு வரும் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தைப் படியுங்கள். இந்தி படிக்கத் தடுமாறும் பெரியவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும், இருவருக்கும் நல்லது. இரண்டாவது, நல்ல செய்தி வந்தால் ஆசிரியருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். இந்த நிருபர் எழுதுவதைப் படிக்கிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரிவது அந்த நிருபருக்குப் பெரிய பாதுகாப்பு. மூன்றாவது, தகவல் கொடுங்கள். நம் காலனியில் குடிநீர் கலங்கி வந்தால் அண்டை வீட்டாரோடு புலம்பி நிறுத்திக் கொள்ளாமல், தேதி, நேரம், எத்தனை வீடு என்று குறித்து வைத்து நிருபரிடம் சொல்லுங்கள்.

புந்தேல்கண்ட் வறட்சி மிகுந்த பூமி. அங்கிருந்து குடும்பம் குடும்பமாகத் தில்லிக்கும் சூரத்துக்கும் வேலை தேடிப் போகிறார்கள். நம் தாத்தாக்கள் மூட்டை கட்டிக் கொண்டு வடக்கே வந்ததும் பிழைப்பைத் தேடித்தான். நமக்கு வேலையும் வீடும் கொடுத்த இந்த மாநிலத்துக்கு நம் குழந்தைகளில் ஒருத்தி நிருபராகப் போவது நமக்குக் குறைவு ஆகாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். பதில் சரியாயிருந்தால், வழியனுப்பி வையுங்கள்.